ஓரியூர்: ரோமாபுரிக்கு முந்திக்கொண்ட திருநாள்

வரலாற்றுத் தொடர் – 9

லிஸ்பன் அரண்மனைக்கு அன்று வந்த விதவைத் தாய் கறுப்பு உடுத்தியிருக்கவில்லை. பண்டிகைக்குப் போகிறவர் போல உடுத்திக்கொண்டு வந்தார். அவருடைய கடைசி மகன் தலை வெட்டுண்டு இறந்த செய்தி அப்போதுதான் கடல் கடந்து வந்து சேர்ந்திருந்தது. அரசர் இரண்டாம் பேதுரு, சிறுவயதில் தன்னோடு அரண்மனையில் ஓடியாடி வளர்ந்த தோழன் வேதசாட்சியாக இறந்ததற்கு நன்றி வழிபாடு நடத்தி, அதற்கு அந்தத் தாயை அழைத்திருந்தார். தோனா பிரித்தஸ் பெரெய்ரா அரசவைக்குள் நுழைந்த கோலத்தை யேசு சபையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இதே தாய்தான் 1673-ல், மகன் இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறான் என்று தெரிந்தவுடன், எப்படியாவது தடுத்து நிறுத்துங்கள் என்று திருத்தந்தையின் தூதர் வரைக்கும் போய் மன்றாடியவர். அன்று அழுது தடுத்தவர், இருபது வருஷம் கழித்துப் பட்டுடுத்தி வந்து நின்றார்.

மகன் இறந்த ஊரின் பெயரை அந்த அவையில் இருந்தவர்கள் அதற்கு முன் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஓரியூர். இன்றைய ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டம், பாம்பாற்றங்கரை. அன்றைக்கு அது சேதுபதி ஆண்ட மறவர் சீமையின் வடக்கு எல்லை. அப்பால் தஞ்சைச் சீமை. எல்லையைக் காக்க ஒரு கோட்டை, அதில் சேதுபதியின் தம்பி. இறந்த நாள் 1693 பிப்ரவரி 4.

ஒருவருக்குத் திருநாள் குறிப்பது கத்தோலிக்கத் திருச்சபையில் ரோமாபுரியின் அதிகாரம். விசாரணை, சாட்சியம், ஆட்சேபம், தீர்ப்பு என்று பல படிகள் தாண்டித்தான் ஒரு பெயர் நாள்காட்டியில் ஏறும். ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் விஷயத்தில் அந்தப் படிகள் ஏறி முடிய 160 வருஷம் பிடித்தது. அதுவரைக்கும் மறவர் சீமை கைகட்டிக் காத்திருக்கவில்லை.

பிரிட்டோ பிறந்தது 1647 மார்ச் 1, லிஸ்பனில். தகப்பன் சல்வதோர் பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் ஆளுநராகப் போன இடத்திலேயே இறந்துபோனார். பிள்ளை அரண்மனையில் இளவரசனுக்குத் தோழனாக வளர்ந்தான். பதினொரு வயது வாக்கில் கடும் காய்ச்சல். வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் யேசு சபையாரின் அங்கியை உடுத்த வைக்கிறேன். பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் புழங்கிய அரண்மனையில் ஒரு சிறுவன் வருஷம் முழுக்கக் கறுப்பு அங்கியில் திரிந்தான். வருஷம் முடிந்ததும் அங்கி கழன்றது, ஆசை கழலவில்லை. 1662 டிசம்பர் 17-ல், பதினைந்து வயதில், யேசு சபையில் சேர்ந்துவிட்டான். ஆக, இன்று ஓரியூரில் நேர்த்திக்கடன் வாங்கிக்கொள்ளும் புனிதரே ஒரு நேர்த்திக்கடன் பிள்ளைதான்.

1673-ல் குருப்பட்டம், அதே வருஷம் கோவா. மறு வருஷம் தமிழ்நாட்டுக்குள் வந்தார்.

அவர் வந்து சேர்ந்த மதுரை மறைத்தளம் எப்படிப்பட்டது என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பிராமண சந்நியாசி போல வாழ்ந்தார். மேல்சாதியாரோடு பழக அது உதவியது. மற்றவர்களிடமிருந்து அதுவே அவரைத் தள்ளியும் வைத்தது. இந்தச் சிக்கலுக்கு 1640-ல் பல்தசார் ட கோஸ்தா என்ற குரு ஒரு வழி கண்டார். சைவ மடங்களின் பண்டாரங்கள் எல்லாச் சாதியாரிடமும் போய்வரலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. நாமும் பண்டாரசாமி ஆகிவிட்டால் என்ன? பிரிட்டோ பிடித்துக்கொண்டது இந்த வழியைத்தான். காவித்துணி, தலைப்பாகை, கையில் கோல். சோறும் காய்கறியும் மட்டும். மாமிசமும் மதுவும் இல்லை. படுக்கை தரையில். போர்ச்சுகல் பிரபு வீட்டுப் பிள்ளை அருளானந்தர் ஆனார்.

செஞ்சிப் பக்கம், தஞ்சைச் சீமை, மதுரை நாடு என்று அலைந்த அவரை 1686-ல் மறவர் சீமை முதல் முறை பிடித்தது. அதிகாரி ஒருவர் அவரையும் உபதேசியார்களையும் கட்டிப்போட்டுச் சிவன் பேரைச் சொல்லச் சொன்னார். மறுத்தவுடன் சவுக்கடி, குளத்துத் தண்ணீரில் மூச்சு முட்ட முக்கி எடுத்தல், வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறைமேல் கிடத்துதல். மரண தண்டனையும் விதித்தாயிற்று. அதற்குள் சேதுபதியிடமிருந்து அழைப்பு வந்தது.

ரகுநாத கிழவன் சேதுபதி லேசுப்பட்டவர் அல்ல. மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட தலைவராக இருந்து, நாளடைவில் அந்தக் கட்டை அறுத்துக்கொண்டவர். தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர். புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துக்கு அடி போட்டுக்கொடுத்தவரும் அவரே. அந்த மனிதர் பிரிட்டோவை எதிரே நிறுத்தி, அவர் மதம் என்ன சொல்கிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு விடுதலை செய்தார். ஒரே ஒரு நிபந்தனை: இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது. இது மதவெறியனின் தீர்ப்பு என்று தோன்றவில்லை. தன் எல்லைக்குள் புதிதாக ஒரு கூட்டம் சேர்வதை விரும்பாத ஆட்சியாளரின் கணக்கு. ஏழு வருஷம் கழித்து அதே கணக்குத்தான் வேறு விடை சொன்னது.

விடுபட்டவரை மறைத்தள மேலாளர்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், மறைத்தளத்தின் நிலையை எடுத்துச் சொல்லி ஆளும் பொருளும் திரட்ட. 1688-ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். பழைய விளையாட்டுத் தோழன் இப்போது அரசர். தன் வாரிசுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடு என்று கேட்டார். பிரிட்டோவின் சாப்பாட்டுத் தட்டே அதற்கு முதல் பதில். லிஸ்பனிலும் மாமிசம் தொடவில்லை, தரையில் படுப்பதையும் விடவில்லை. விட்டுவிட்டால் திரும்பப் போகும்போது உடம்பு மறுபடி பழகச் சிரமப்படும் என்பது அவர் எண்ணம் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1690-ல் மறுபடி கோவா. அடுத்த வருஷம் நேரே மறவர் சீமைக்கே வந்தார். நிபந்தனையை மீறுகிறோம் என்று தெரிந்துதான் வந்தார்.

இனி வருவது தடியத்தேவர் கதை.

சிறுவல்லிப் பக்கத்துத் தலைவர். சேதுபதி குடும்பத்துக்கு உறவினர். அரசுரிமை கோரத் தகுதி உள்ள கிளையைச் சேர்ந்தவர் என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நோயில் விழுந்தார். மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. பிரிட்டோவின் உபதேசியார் ஒருவர் வந்து செபித்து நற்செய்தி வாசித்தார். நோய் தணிந்தது. தேவர் ஞானஸ்நானம் கேட்டார்.

பிரிட்டோ உடனே கொடுக்கவில்லை. தேவருக்கு ஐந்து மனைவியர். ஒருவரை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கி வைக்க வேண்டும் என்பது குருவின் நிபந்தனை. தேவர் சம்மதித்தார். நால்வரையும் அழைத்து, இனி என் வீட்டில் நீங்கள் சகோதரிகளாக இருக்கலாம், குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதாகக் கடிதங்களில் இருக்கிறது. 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் ஆயிற்று.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி. அவர் சேதுபதியின் உறவுப் பெண். பெரும்பாலான நூல்கள் மருமகள் முறை என்கின்றன. அவர் நேராக ராமநாதபுரம் போய் அரசரின் முன்னால் அழுதார்.

புனிதர் கதைகளில் கடலாயி வில்லியாகவே வருவார். நாடக மேடையிலும் அப்படித்தான். கொஞ்சம் நின்று யோசித்தால், ஊரறியக் கட்டிக்கொண்ட புருஷன் ஒரு நாள் காலையில் ‘இனி நீ எனக்குத் தங்கச்சி’ என்றால் அரச குடும்பத்துப் பெண் வேறு என்ன செய்திருப்பார்? அவருக்கு மானப் பிரச்சினை. அவர் பிறந்த வீட்டுக்கும் அதுவே. சேதுபதிக்கோ அதற்குமேல் ஒன்று: பட்டத்துக்குப் போட்டியாக வரக்கூடிய ஒரு தலைவன், தான் துரத்திவிட்ட பரதேசியின் பேச்சைக் கேட்டு, தன் வீட்டுப் பெண்ணைத் தள்ளிவைத்திருக்கிறான். இரண்டே நாளில், ஜனவரி 8-ல், பிரிட்டோ கைதானார். 11-ஆம் தேதி ராமநாதபுரம்.

அரசர் ராமநாதபுரத்திலேயே காரியத்தை முடித்திருக்கலாம். தடியத்தேவர் அங்கே வந்து, குருவுக்காக வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஆள் பலம் உண்டு. தலைநகரில் கலகம் வேண்டாம் என்று, நாடு கடத்துவதாகச் சொல்லி எல்லைக் கோட்டைக்கு அனுப்பினார். தம்பி உடையத்தேவருக்கு மட்டும் ரகசியமாக ஆணை போயிற்று. 31-ஆம் தேதி பிரிட்டோ ஓரியூர் வந்து சேர்ந்தார்.

உடையத்தேவர் நோயாளி. வந்திருப்பவர் நோய் தீர்ப்பவர் என்று கேள்விப்பட்டு, என்னைச் சுகமாக்கு, உன்னை விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தார். அது என் கையில் இல்லை, ஆண்டவர் கையில் என்று பிரிட்டோ சொல்லிவிட்டார். அரசரின் ஆணையை நிறைவேற்ற முருகப்ப பிள்ளை என்ற அதிகாரி அவசரப்பட்டார்.

பிப்ரவரி 3 இரவு. காவலில் இருந்தவரிடம் பேனாவும் இல்லை, மையும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, குச்சியால் தொட்டு, மறைத்தள மேலாளருக்குக் கடிதம் எழுதினார். தன்மேல் சுமத்தப்பட்ட குற்றம் இன்னதென்று சொல்லி, அதற்காகச் சாவதில் தனக்கு மகிழ்ச்சியே என்று முடித்தார். சாவுக்குப் பின் மறைத்தளக் குரு பிரான்சிஸ்கோ லாய்னெஸ் நடந்ததை விசாரித்து எழுதிய நீண்ட கடிதம், ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்ட யேசு சபைக் கடிதத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. பின்னாளில் மயிலாப்பூர் ஆயரானவர் இந்த லாய்னெஸ். ஓரியூரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அவர் கடிதத்திலிருந்து வந்ததே.

மறுநாள் காலை ஆற்றோர மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பிரிட்டோ முழந்தாளிட்டு வெகுநேரம் செபித்தார். வெட்ட வந்தவன் பெருமாள். வாளை எடுத்தவனுக்கு ஒரு தயக்கம்: கழுத்தில் ஏதோ கயிறு தொங்குகிறது, மந்திரத் தாயத்தாக இருந்தால் தனக்கு ஆபத்தாயிற்றே. முதலில் கயிற்றை வாளால் அறுத்தான், அந்த வீச்சிலேயே தோளில் காயம் பட்டது. அடுத்த வீச்சில் தலை. கைகால்களையும் வெட்டி உடலோடு கட்டிக் கழுமரத்தில் ஏற்றினார்கள். அண்டவிடாமல் காவலும் போட்டார்கள். சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் பொறுக்கி எடுக்க முடிந்தது மண்டையோடும் சில எலும்புகளும் மட்டுமே.

அன்றைக்கு விபூதிப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். ஈஸ்டர் எவ்வளவு முன்னால் வர முடியுமோ அவ்வளவு முன்னால், மார்ச் 22-ல், வந்த வருஷம் அது. அப்படி வந்தால்தான் விபூதிப் புதன் பிப்ரவரி 4-ல் விழும். அதற்குப் பிறகு 1761-லும் 1818-லும் மட்டுமே அப்படி அமைந்தது. இரண்டு முறையும் ரோமாபுரி அவருக்குத் திருநாள் கொடுத்திருக்கவில்லை. அருளானந்தர் திருநாளும் விபூதிப் புதனும் சேர்ந்து வர இனி 2285 வரை பொறுக்க வேண்டும். அன்று ஓரியூரில் பங்குத்தந்தையாக இருப்பவர்தான் கொண்டாட்டத்துக்கும் ஒருசந்திக்கும் நடுவில் விழிக்கப்போகிறார்: ஆடு வெட்டி விருந்து வைக்கும் திருநாள், மாமிசம் தொடக்கூடாத நாளில்!

அந்த விருந்து எப்படி வந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

மறவர் சீமைக்கு இப்படிப்பட்ட சாவு புதியதல்ல. அரசன் ஆணையால் அநியாயமாக வெட்டுப்பட்டவன், கழுவேறியவன், சண்டையில் பட்டவன் எல்லாரும் அந்த மண்ணில் சாமிகள். மதுரை வீரன் கதையை எடுத்துக்கொண்டால், அங்கேயும் அரசன் வீட்டுப் பெண் விவகாரம், மாறுகால் மாறுகை, பிறகு கோயில் வாசலில் காவல் தெய்வம். காத்தவராயன் கழுமரத்தில் ஏறியவன். பட்டவன் விழுந்த இடத்தில் கல் நடுவதும், அந்த இடத்து மண்ணுக்குச் சக்தி உண்டென்று நம்புவதும், வருஷத்துக்கு ஒரு நாள் கிடாய் வெட்டிப் பொங்கல் வைப்பதும் கிறிஸ்தவம் வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தைய வழக்கம். அந்த வரிசையில் காவி உடுத்த இந்தச் சாமியாருக்கும் இடம் கிடைத்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் அவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. அவரைக் கொன்ற சீமையின் மறவர்களும் கள்ளர்களும், கிறிஸ்தவம் தழுவாமலே, அவரைத் தங்கள் சாமிகளில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள்.

ஓரியூரில் அவர் விழுந்த மேடு செம்மணல் மேடு. சிந்திய இரத்தத்தால் சிவந்த மண் என்பது மக்கள் நம்பிக்கை. மண்ணியல் படித்தவர் அதற்கு வேறு காரணம் சொல்வார். அந்தக் காரணத்தைக் கேட்டு யாரும் மண் அள்ளுவதை நிறுத்தியதில்லை. ஒரு பிடி மண்ணை முந்தானையிலோ காகிதத்திலோ முடிந்துகொண்டு ஊர் திரும்புவது ஓரியூர் வழக்கம். 18-ஆம் நூற்றாண்டு மறைத்தளக் கடிதங்களிலேயே அந்த இடத்துக்கு மக்கள் வந்துபோவது பேசப்படுகிறது.

இதில் யேசு சபையாருக்கு ஒரு தர்மசங்கடம் இருந்தது. திருத்தந்தை எட்டாம் உர்பான் 1634-ல் போட்ட ஆணைப்படி, ரோமாபுரி அனுமதிக்கும் முன் ஒருவருக்குப் பொது வணக்கம் செலுத்தக் கூடாது. அப்படிச் செலுத்தவில்லை என்று நிரூபித்தால்தான் அவர் வழக்கே மேலே நகரும். மக்கள் பக்தி பெருகியிருக்கிறது என்று காட்டவும் வேண்டும், அது வழிபாடாகிவிடவில்லை என்று சாதிக்கவும் வேண்டும். செம்மண் மேட்டில் விளக்கேற்றும் மறவரிடம் போய் உர்பானின் ஆணையை யார் விளக்குவது?

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ரோமாபுரியிலேயே கிளம்பியது. பிரிட்டோவைத் தமிழராக்கிய அதே காவியும் சந்தனமும் இப்போது அவர்மேல் குற்றப்பத்திரிகை ஆயின. 1703-ல் புதுச்சேரியில் இறங்கிய திருத்தந்தையின் தூதர் தூர்னோன், மறு வருஷம் மதுரை மறைத்தளத்தார் அனுமதித்த பல வழக்கங்களைத் தடைசெய்தார். நெற்றியில் இடுவது, தாலியின் வடிவம், தாழ்த்தப்பட்ட சாதியாரின் வீடுகளுக்குக் குருக்கள் போகாமல் ஒதுங்குவது எனப் பட்டியல் நீளம். கடைசியாகச் சொன்னதில் நியாயம் தூதர் பக்கம்தான் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பண்டாரசாமிகள் வந்த பிறகும் மறைத்தளம் சாதியோடு செய்துகொண்ட சமரசம் பெரியது. ‘மலபார் சடங்குகள்’ என்று பெயர் பெற்ற இந்தச் சண்டை நாற்பது வருஷம் நீண்டது. புறச்சமயச் சடங்கைப் பின்பற்றிய ஒருவரை எப்படிப் பீடத்தில் ஏற்றுவது என்ற கேள்வி பிரிட்டோவின் வழக்கை அப்படியே நிறுத்தியது.

அதைத் தீர்த்து வைத்தவர் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர். புனிதர் பட்ட வழக்குகளில் எதிர்வாதம் செய்யும் பதவி ஒன்று ரோமாபுரியில் உண்டு. சாத்தானின் வக்கீல் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். திருத்தந்தை ஆவதற்கு முன் அந்த வேலையைப் பல வருஷம் பார்த்தவர் இவர். எந்த ஆட்சேபம் நிற்கும், எது நிற்காது என்பது அவருக்கு அத்துப்படி. 1741-ல், சடங்குப் பிரச்சினை பிரிட்டோவின் வழக்குக்குத் தடையல்ல என்று தீர்ப்புச் சொன்னார். மூன்றே வருஷத்தில், 1744-ல், அதே சடங்குகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்து ஆணையும் போட்டார். வழக்கம் தவறு, வாழ்ந்தவர்மேல் தவறில்லை. கெட்டிக்காரத் தீர்ப்பு.

ஆனாலும் பட்டம் வரவில்லை. 1759-ல் போர்ச்சுகல் யேசு சபையாரைத் துரத்தியது. 1773-ல் சபையே கலைக்கப்பட்டது. வழக்கு நடத்த வாதி இல்லை. 1814-ல் சபை மீண்டும் உயிர்பெற்று, 1838-ல் பிரெஞ்சு யேசு சபையார் மதுரைப் பக்கம் திரும்பி வந்தபோது, கட்டிக்காக்க ஆளில்லாமல் கிடந்த மறைத்தளத்தில் ஓரியூர்ப் பக்தி மட்டும் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. சாமியார்கள் இல்லாத காலத்திலும் மக்கள் வருவதை நிறுத்தவில்லை.

1853 ஆகஸ்ட் 21-ல் ஒன்பதாம் பத்திநாதர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். பிப்ரவரி 4 அதிகாரபூர்வமான திருநாள் ஆனது அதற்குப் பிறகுதான். புனிதர் பட்டம் 1947 ஜூன் 22-ல், பன்னிரண்டாம் பத்திநாதரால். கூடவே பட்டம் பெற்றவர்கள் பெர்னார்தினோ ரியலீனோ, ஜோசப் கபாசோ என்ற இரண்டு இத்தாலியக் குருக்கள். இந்தியா விடுதலை பெற இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அதே 1947-ல் லிஸ்பனில் யேசு சபையார் அவர் பெயரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. இங்கே மதுரையை அடுத்த கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரி. ஆனால் கட்டடங்களைவிட அதிகம் பரவியது பெயர்தான். போர்ச்சுகலில் ஒரு குடும்பப் பெயராக இருந்த ‘பிரிட்டோ’ தென்மாவட்டங்களில் பிள்ளைக்கு வைக்கும் பெயராகிவிட்டது. வகுப்புக்கு ஒரு பிரிட்டோ இருப்பான்.

இப்போது திருநாள். கொடியேற்றம், நவநாள், சப்பரம், சிவப்பு உடையில் குருக்கள் நிறைவேற்றும் திருப்பலி என்று கோயிலுக்குள் நடப்பது தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் எல்லாருக்கும் பழக்கமானது. வேதசாட்சிக்குச் சிவப்பு, அது ரோமாபுரியின் முறை. போர்த்துகீசியப் பாணி முகப்பைத் தாண்டி வெளியே வந்தால் நடப்பது வேறு. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகள். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் கொண்டுவரும் தென்னங்கன்றுகள். மரத்தடியில் மூட்டிய அடுப்புகள், கழுத்தில் மாலையோடு நிற்கும் கிடாய்கள். வெட்டிச் சமைத்து அசனம் வைப்பார்கள். சமைத்ததை வீட்டார் மட்டும் சாப்பிட்டால் நேர்த்திக்கடன் தீராது. முன்பின் தெரியாதவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பரிமாற வேண்டும்.

இந்தச் சடங்குகளை நேரில் ஆராய்ந்து எழுதிய சமயவியல் ஆய்வாளர் செல்வா ஜே. ராஜ் ஒன்றைக் கவனித்தார்: கிடாய் வெட்டும் மொட்டையும் குருக்கள் நடத்துபவை அல்ல. மக்களே தொடங்கி மக்களே நடத்தி முடிக்கிறார்கள். நேர்த்திக்கடன் செலுத்துவதில் இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் வித்தியாசம் அதிகம் தெரிவதில்லை. பல சாதியார் வருகிறார்கள். ஓர் அசனத்தில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டதால் ஊர் திரும்பியதும் சாதி மறைந்துவிடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்த நேரத்துக்கு உட்கார்ந்தார்கள், அவ்வளவே.

வேடிக்கை என்னவென்றால், புலால் மறுத்து வாழ்ந்த, லிஸ்பன் அரச விருந்திலும் மாமிசம் தொடாத ஒருவருக்குக் கிடாய் வெட்டுகிறார்கள். பண்டாரசாமிக்கு அது ஆகாது என்று யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. மறவர் சீமையில் பட்டவனுக்குச் செய்யும் மரியாதை அது. பிரிட்டோ என்ன சாப்பிட்டார் என்பது அந்த மரியாதைக்குத் தேவையில்லாத தகவல்.

தடியத்தேவரும் கடலாயியும் இந்தத் திருநாளில் மேடையேறுகிறவர்கள். சேதுபதியும்தான், கிரீடமும் மீசையுமாக. நிஜக் கிழவன் சேதுபதி ஓரியூர்ச் சம்பவத்துக்குப் பிறகு பதினேழு வருஷம் ஆண்டு, 1710-ல் இறந்தார். ஒருதார நிபந்தனையால் ஒரு குரு தலையிழந்த அதே சீமையில், அவருடைய சிதையில் அவர் மனைவியர் 47 பேர் ஏறியதாக யேசு சபைக் குரு மார்ட்டின் 1713-ல் எழுதிய கடிதம் சொல்கிறது. அந்தக் கடிதத்தையும், அடுத்துப் பட்டத்துக்கு நடந்த போட்டியில் கிறிஸ்தவ மறவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)